மாயப் போர்வையில் ஒரு முடிச்சு

குமாரபாளையத்துத் தியேட்டரில் இடைவேளை விளக்குகள் எரிகின்றன. மரகதத்தின் மடியில் முட்டை பப்ஸ் ஆறிக்கொண்டிருக்கிறது. "ஏனுங்க, போத்துனா ஆளும் தெரியாம போர்வையும் தெரியாம போற இந்தப் படத்துப் போர்வைய நெய்தவன், இழை அறுந்தா எப்படீங்க கண்டுபுடிச்சு முடிஞ்சிருப்பான்?" என்கிறாள். "சினிமாவுல ஏது புள்ள தறி?" என்று சிரிக்கிறார் கணவர் பழனிவேல். அவளுக்குக் கண்ணில் புரை என்று தெரிந்ததிலிருந்து அவளைத் தறிப்பக்கமே விடாதவர் அவர். "கையாலதானுங்க தேடியிருப்பான்" என்றபடி, அவருடைய துண்டு முனையில் தொங்கும் நூலொன்றை அறுக்கிறாள். கண்களை இறுக மூடிக்கொண்டு, அறுந்த இரு முனைகளையும் விரல் நுனியால் உருட்டி முடிகிறாள். விளக்குகள் அணைகின்றன. திரையில் அரசகுமாரன் போர்வைக்குள் மறைகிறான். பழனிவேல் திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் அந்த நூலை மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டே இருக்கிறார். முடிச்சு விரலுக்குத் தட்டுப்படவே இல்லை.