கல்லுக்குள் ஒரு வாய்த் தண்ணீர்

தாதுக்கல்லை உருவாக்கிய நீர் எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதான் உதயகலாவின் வேலை. கல்லை உடைத்துச் சோதித்தபோது, அதற்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடைபட்டிருந்த துளி, ஒப்பிட்டுப் பார்க்க நீர்வேலியில் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து அவள் போத்தலில் கொண்டுவந்திருந்த நீரோடு அப்படியே ஒத்துப்போனது.

“கிணத்துக்குப் போட்ட குளோரின்கூடக் கிடக்கு! போத்தலை மாத்திப்போட்டீரோ, தங்கச்சி?” என்று சிரித்தார் கூட வேலை செய்யும் குகதாசன்.

அடுத்த கல்லை உடைக்காமல் நுண்ணோக்கியில் வைத்தாள். உள்ளே துளி மின்னியது. போன ஆவணியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா கேட்டது நினைவுக்கு வந்தது.

“எங்கடை கிணத்துத் தண்ணி ஒரு வாய் தா, பிள்ளை.”

“டொக்டர் குடுக்கவேண்டாமெண்டவர், அம்மா. நாளைக்குப் பாப்பம்.”

விடியுமுன் அம்மா போய்விட்டாள்.

“குடியுங்கோ, அம்மா,” என்று கல்லைப் பார்த்து முணுமுணுத்தாள் உதயகலா.

மத்தியானம் குகதாசன் குனிந்து பார்த்தார்.

“கல்லிலை ஒரு கீறலும் இல்லை. தண்ணியைக் காணேல்லை, தங்கச்சி!”

“அண்டைக்கே குடுத்திருக்கலாம், அண்ணை,” என்றாள் அவள்.