கண்ணாடி போட்ட ஆந்தை

“சந்தேகமா? கூச்சப்படாமல் கேளுங்கள். நான் வெறும் இயந்திரம்தான்” என்று அந்த ஆளுயரத் திரையின் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தது. திரைக்குள் கண்ணாடி போட்ட ஆந்தை ஒன்று சிறகைக் கட்டிக்கொண்டு நின்றது.

லிஃப்ட் மெக்கானிக் அதை மேலும் கீழும் பார்த்தார். முதுகலை நுழைவுத் தேர்வுக்கு மகளை அழைத்து வந்திருந்தார். அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்; தாழ்வாரத்தில் வேறு ஈ காக்கா இல்லை.

எந்திரத்தோடு பேசுவது அவருக்குப் புதிதில்லை. பழுதான லிஃப்ட்டை அவர் திட்டாத திட்டில்லை. அது இதுவரை யாரிடமும் போய்ப் போட்டுக்கொடுத்ததும் இல்லை.

“இந்த இன்டராக்டிவ் மீடியா படிச்சா வேலை கிடைக்குமா?” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

ஆந்தை ஒரு கணம் விழித்தது. “கிடைக்கும் சார். விளையாட்டு செய்யுற கம்பெனி, மியூசியம், ஆஸ்பத்திரி... தொட்டா பதில் சொல்ற திரை எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் ஆள் வேணும்.” ஜலதோஷம் பிடித்தவர் பேசுவது போல ஒரு குரல்.

“சம்பளம்?”

“ஆரம்பத்துல சுமார்தான் சார்.”

பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் என்று அவருக்கு அதன்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

“நிக்காதீங்க சார். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. அப்புறம் முட்டி வலிக்கும்.”

நரைத்த தலையைக் கண்டால் இப்படிச் சொல்லும்படி செய்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் முட்டி வலிக்கத்தான் செய்தது. உட்கார்ந்தார்.

“உன்கிட்ட சொல்றதுக்கு என்ன. வீட்டுக்குப் பக்கத்துக் காலேஜுல கம்ப்யூட்டர் முதுகலைக்கு இடம் ரெடியா இருக்கு. முடிச்சா வேலை நிச்சயம். இவ என்னடான்னா இதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. ஏன் தெரியுமா?”

“ஏன் சார்?”

“போன வருஷம் ஒரு விளையாட்டு செஞ்சா. ஒரு பூனை லிஃப்ட் ஓட்டும். ஏறுறவங்களைச் சரியான மாடியில இறக்கி விடணும், அவ்வளவுதான். இன்டர்நெட்ல போட்டா. யாரும் சீந்தலை. ஒரே ஒரு ஆளு மட்டும் தினமும் விளையாடுது. பேரும் கிடையாது, ஊரும் கிடையாது. ‘அந்த ஒரு ஆளு போதும்ப்பா, நான் இதைத்தான் படிக்கப் போறேன்’னு முடிவு பண்ணிட்டா.”

“நல்ல விஷயம்தானே சார்?”

மெக்கானிக் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். திரைக்கு அருகே ஸ்டூலை நகர்த்திக்கொண்டார்.

“அந்த ஆளு நான்தான்.”

ஆந்தையிடமிருந்து சத்தமே இல்லை. சூடேறி நின்றுவிட்டதோ என்று திரையின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். லிஃப்ட் நின்றாலும் அவருடைய முதல் வைத்தியம் அதுதான்.

“கேக்குதா? வேலைக்குப் போற இடத்துல மொட்டை மாடி மெஷின் ரூம்ல உக்காந்து விளையாடுவேன். புள்ள ஆசையா செஞ்சது, ஒருத்தரும் தொடலைன்னா மனசு விட்டுடுவாளேன்னு ஆரம்பிச்சேன். இப்ப எனக்கே அது இல்லாம ஓடல. பேர் போடாம ரெண்டு வார்த்தை எழுதிக்கூடப் போட்டேன். அது இங்க கொண்டு வந்து விடும்னு யாரு கண்டா?”

அவர் திரைப் பக்கம் குனிந்தார். “வெளிய தனக்கு ஒரு ரசிகர் இருக்கார்னு நம்பிக்கிட்டு இருக்கா. பெத்தவன் விளையாடினா அது கணக்குல சேருமா? உண்மையைச் சொன்னா ஒடைஞ்சு போயிடுவா. சொல்லலைன்னா, இல்லாத ஒரு ஆளை நம்பி வாழ்க்கையையே மாத்திக்கிறா. நான் என்னதான் செய்யுறது?”

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்ப்பது ஆந்தைதானே.

“சார்... இதை என்கிட்ட சொல்ல வேண்டாமே. பொண்ணுகிட்டயே சொல்லுங்களேன்.” ஜலதோஷம் இப்போது கூடியிருந்தது போலிருந்தது.

“அவ மூஞ்சியைப் பார்த்தா வாய் வரமாட்டேங்குதே!”

அப்போது தாழ்வாரத்தின் கோடியிலிருந்து துறைத் தலைவி வந்தார். “என்ன சார், ஆந்தை நல்லா பேசுதா?”

மெக்கானிக் அவசரமாக எழுந்தார். “தங்கமா பேசுதும்மா. யாரு செஞ்ச எந்திரமோ, ரொம்பக் கெட்டிக்காரத்தனம்.”

“இன்னும் செய்யவே இல்ல சார்” என்றார் அவர். “செய்யுறதுக்கு முன்னாடி, உள்ள ஒரு ஆளை உக்கார வெச்சுப் பேச விடுவோம். ஜனங்க என்ன கேக்கறாங்க, எப்படிக் கேக்கறாங்கன்னு தெரியணும் இல்லையா? குரலை மட்டும் மாத்தி விட்டுடுவோம். இன்னைக்கு நுழைவுத் தேர்வே அதுதான்.”

மெக்கானிக் ஆந்தையைத் திரும்பிப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப... இப்ப உள்ள யாரு?”

திரையில் ஆந்தை மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றியது. குரலில் ஜலதோஷம் போய்விட்டது. அழுகை மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

“எப்பவோ தெரியும்ப்பா. பூனை லிஃப்ட்டுக்கு அடுத்த சர்வீஸ் எப்பன்னு கேட்டு வேற யாரு எழுதுவாங்க?”