மேற்குச் சுவர்

"அக்கா, அது மேற்கெல்லோ?"

காஸ் குழாயைப் பார்க்க வந்த கிறகரி அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சிரித்தான்.

நல்லம்மாவின் முகம் கறுத்தது. கிழக்குப் பார்த்துச் சமைக்க வேண்டும், அதனால் அடுப்பை எதிர்ச் சுவருக்கு மாற்ற வேண்டும் என்று சற்று முன்புதான் அவனிடம் சொல்லியிருந்தாள். காலை வெயிலோ யன்னலால் வந்து, இப்போதிருக்கும் அடுப்பின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அவளுக்கு அது ஒருநாளும் வாய்த்ததில்லை.

கிறகரி வேதக்காரன்தான், சேர்ச்சுக்குப் போகிறவன். ஆனால் மொன்றியலின் சென்ட் லோரன்டில் பாதித் தமிழ் வீடுகளின் குசினிகளில் முழங்காலில் நின்று வேலை செய்தவன். எந்த வீட்டு அடுப்பு எந்தத் திசை பார்க்கிறது என்று ஐயருக்குத் தெரியாததும் அவனுக்குத் தெரியும். கெட்டிக்காரன். ஒரே ஒரு குறை, ஒரு வீட்டுக்குள் குறட்டோடு வந்தால் அடுத்த வீட்டுக்குக் கதையோடுதான் போவான்.

அவன் அந்தச் சுவரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"காஸ் வேலை லைசென்ஸ் உள்ள ஆள்தான் செய்யவேணுமாம், கிறகரி. பேந்து சொல்லுறன்."

தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

லைசென்ஸ் கதை உண்மைதான். கிறகரியிடம் அது இல்லை. ஆனால் நல்லம்மாவுக்கு லைசென்ஸ் மட்டும் போதாது. சுவருக்கு அங்கால் யார் இருக்கிறார்கள் என்று அறியாத ஆளாகவும் இருக்க வேண்டும்.

அப்படி ஒருவர் லவாலிலிருந்து வந்தார். பெரிய மீசை வைத்த வெள்ளைக்காரர். யன்னலைக் காட்டினார், மேற்குச் சுவரைக் காட்டினார், தலையில் கை வைத்தார். நல்ல வெளிச்சத்தை விட்டுவிட்டு யாராவது இருட்டுக்குப் போவார்களா என்று பிரெஞ்சிலும் கையாலும் கேட்டார். நல்லம்மா அசையவில்லை.

"றெலிஜியோன்?" என்று, சமயக் காரணமா எனக் கேட்டார் கடைசியில்.

அவள் இரண்டு கையையும் கூப்பித் தலையாட்டினாள். இதற்குள் சாமியை இழுத்ததைப் பிள்ளையார் பொறுத்துக்கொள்வார். மீசைக்காரர் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் காஸைப் பூட்டினார். பழைய குழாயைக் கழற்றி வாயை அடைத்தார். பேஸ்மென்டின் கூரையோடு புதுக் கறுப்புக் குழாயை மேற்குப் பக்கம் கொண்டுபோய், குசினி நிலத்தைத் துளைத்து மேலே ஏற்றினார். காஸைத் திறந்து, பொருத்துகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, குமிழி வருகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். வரவில்லை. அடுப்பை மூட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

கதவு சாத்தியதும் வீடு மறுபடி அமைதியாகிவிட்டது.

நல்லம்மாவுக்கு அந்த அமைதிதான் பயம். புருசன் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் கதைக்க ஆளில்லை. வேலைக்குப் போனால் மெஷின் கதைக்கும். வீட்டுக்கு வந்து கசெட் போட்டால் அது பாடும், ஆனால் சாப்பிட்டியோ என்று கேட்காது. விசர் பிடித்துவிடும் என்றே அவள் நம்பினாள்.

மேற்குச் சுவரோரம் இருந்த அலுமாரியைத் துடைக்கப் போன ஒரு நாள்தான் அங்காலே ஆட்கள் கதைப்பது கேட்டது. ஒட்டு வீடு. அவர்களுடைய குசினிக்கும் அவளுடைய குசினிக்கும் நடுவில் அந்த ஒரு சுவர்தான். அதன்பிறகு மொன்றியலிலேயே அவ்வளவு துப்புரவான அலுமாரி வேறெங்கும் இருந்திருக்காது. ஆனாலும் ஓர் அலுமாரியை எவ்வளவு நேரம்தான் துடைப்பது? சமையல் என்றால் பின்னேரம் முழுக்க நிற்கலாம்.

நின்றாள். சோற்றுக்கு உலை வைத்துவிட்டு வெங்காயம் வெட்டினாள்.

அங்காலே கதிரை இழுபட்டது. ஒரு பிள்ளை பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தது. தாய் தமிழில் அதட்டினாள். பிறகு ஓர் ஆண் இருமினான்.

அவன் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து நல்லம்மாவுக்கு அந்த இருமல் தெரியும். தம்பி பேரின்பநாதன்.

அவனைக் கனடாவுக்குக் கூப்பிட்டவளே அவள்தான். பக்கத்தில் பக்கத்தில் இருப்போம் என்று இரண்டு குடும்பமும் தேடித் தேடி வாங்கிய வீடுகள் இவை. அவனுடைய மூத்தவள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில், சபை நடுவே, அவன் பெண்சாதியான மச்சாளைப் பார்த்து நல்லம்மா ஒரு சொல் சொல்லிவிட்டாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அன்றோடு கதை நின்றது. வாசலில் பனி தள்ளும்போதுகூட ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு தள்ளினார்கள்.

இதோ, கைக்கெட்டும் தூரத்தில் கதைக்கிறான். பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு என்ன நடந்தது என்று பிள்ளையைக் கேட்கிறான். நல்லம்மாவுக்குக் கண் நிறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் தாச்சியை வைத்து, எண்ணெய் விட்டு, கடுகைப் போட்டாள். கடுகு வெடித்தது. கரண்டி தாச்சியில் பட்டுக் கணீரென்றது.

அங்காலே கதை நின்றது.

"மெல்லக் கதையுங்கோ. அக்கா இந்தச் சுவரடியில நிக்கிறா."

தம்பி குரலைத் தணித்துத்தான் சொன்னான். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நல்லம்மா கரண்டியைச் சத்தம் வராமல் வைத்தாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. சோறு இன்னும் அவியவில்லை. கையை நீட்டி இரண்டு அடுப்பையும் அணைத்தாள்.

அவள் அங்கே இல்லை என்று நினைத்தால்தான் அவர்கள் மறுபடி கதைப்பார்கள்.