நன்றி சொன்னாப் போதும்

"கிராட்டிஸ்னா சும்மா கெடைக்கிறது. லத்தீன் வினையடை"ன்னுச்சு கிடா. பழைய அகராதி ஒண்ணுல பாதிய மென்னு முழுங்கின படிப்பு அதுக்கு. "ஆதியில அதுக்கு 'நன்றிக்காக'ன்னு அர்த்தம். வாங்குனவன் நன்றி சொன்னாப் போதும், வேற ஒண்ணும் குடுக்க வேண்டாம். பேச்சிமுத்து எனக்கு அகத்திக்கீரை போடுறது அந்தக் கணக்குலதான்."

குப்பையக் கிளறிக்கிட்டிருந்த கோழி கிட்ட ஓடி வந்துச்சு.

"போன கோயில் கொடைக்கும் உன்ன மாதிரி ஒருத்தன் இப்படித்தான் சும்மா தின்னான், அண்ணே. கோயில்ல அவன் தலையில மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க. தலைய உலுக்குனான். சம்மதம் சொல்லிட்டான்னு அருவாள எடுத்துட்டாங்க. நீயாவது அசையாம நில்லு. அசையலேன்னா வெட்ட மாட்டாங்க."

"அவன் படிக்காதவன்."

"சரி, நீ நன்றிய எப்படிச் சொல்லுவ?"

"மரியாதையா, தலைய நல்லா ஒரு ஆட்டு ஆட்டுவேன்."

கோழி பதறி வாயத் தொறக்குறதுக்குள்ள, "ராசா, வாடா"ன்னு பேச்சிமுத்து கூப்பிட்டான். ஒரு கையில மாலை, ஒரு கையில மஞ்சத்தண்ணிச் சொம்பு.

"இரு, நன்றி சொல்லிட்டு வந்துடுறேன்"னு கிடா வால ஆட்டிக்கிட்டே போச்சு.