கிளம்பிக்கொண்டிருக்கும் சரக்கு

மழை மூட்டத்தின் மங்கல் வெளிச்சத்தில், கோவை உக்கடத்து மாடிக் கொட்டகையில் சாயம் போட்ட துண்டுகள் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கின்றன. லண்டன் வியாபாரிக்கு மிஸ்பா போனில் இங்கிலீஷில் அடிக்கிறாள்: சரக்கு கிளம்பும். அவளைப் பெற்ற அத்தா முஸ்தபா எட்டிப் பார்க்கிறார். "கெளம்பும்னு போட்டா ஆர்டரு கைய விட்டுப் போயிரும் கண்ணு. கெளம்பிட்டிருக்குன்னு அடி. காந்திபுரத்துக் கடைக்காரங்களுக்கு அப்படித்தானே சொல்றோம்?" "நாம புளுகறோம்னு அவிங்களுக்குத் தெரியுமுங்க அத்தா." அவர் முறைக்கிறார். அவள் மாற்றி அனுப்புகிறாள். காந்திபுரத்து ஆளென்றால் இந்நேரம், "துண்டு காஞ்சுதுங்களா பாய்?" என்று சிரித்திருப்பான். லண்டன் பதில் வருகிறது. மிஸ்பா தணிந்த குரலில் சொல்கிறாள்: "ரொம்ப நன்றிங்களாம். நம்மளை நம்பி, இன்னொருத்தருக்குக் குடுத்த ஆர்டரைக் கேன்சல் பண்ணிட்டாராம்." முஸ்தபா மெல்ல ஸ்டூலில் உட்காருகிறார். "நம்பிட்டானா?" என்கிறார்.