பாதி ஆற்றைத் தாண்டிய குரல்

அது ஜனவரியின் கடைசியா, பிப்ரவரியின் தொடக்கமா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதும் கலந்துபோய்விட்டது. ஆந்தையைக் கூப்பிட வேண்டாம் என்று எதெல்வினா கெஞ்சியது மட்டும் அப்படியே நிற்கிறது.

டெக்சாஸில் ரோமா என்ற சிற்றூருக்கு மேற்கே, ரியோ கிராண்டே ஆற்றின் கரையில் விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. மூடுபனியில் எதிர்க்கரை மெக்சிகோ தெரியவே இல்லை. மினசோட்டாவிலிருந்து வந்திருந்த கிழவர் ஹால்வர்சன், கம்பளியைப் போர்த்திக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊருக்குத் திரும்பியதும் அவருக்கு இதய அறுவை சிகிச்சை. பகலில் சீட்டியடிக்கும் குட்டி ஆந்தை ஒன்றுதான் அவருக்கு இன்னும் அகப்படாத பறவை. அதற்காகவே ஒவ்வொரு குளிர்காலமும் இந்தக் கரைக்கு வந்துகொண்டிருந்தார்.

எங்களைப் போலப் பறவை பார்க்கிறவர்களிடம் ஒரு கறாரான வழக்கம் உண்டு. எதிர்க்கரையில் இருப்பது மெக்சிகோவின் பறவை. பாதி ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால்தான் நம்முடையது. கண்ணால் பார்க்க வேண்டும் என்பதில்லை, குரல் தாண்டினாலும் போதும்.

வழிகாட்டி லேயாந்த்ரோ சிறிய ஒலிபெருக்கியில் ஆந்தையின் குரலை ஒலிக்கவிட்டார். ஒரே சுருதியில் குட்டிக் குட்டிச் சீட்டிகள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு எதிர்க்கரை நாணலுக்குள்ளிருந்து அதே சீட்டி வந்தது.

"பதில் சொல்லுது ஐயா," என்றார் லேயாந்த்ரோ, மெதுவாக.

பறவைகளுக்கு ஆரஞ்சு வெட்டி வைக்கும் எதெல்வினா, கையில் கத்தியோடு வந்து நின்றாள்.

"நிறுத்து லேயாந்த்ரோ. ஆந்தையைப் போய் யாராவது கூப்பிடுவாங்களா? சாவு வரும்னு உங்கம்மா சொல்லலையா?"

"எங்கம்மா கோழி கத்தினாக்கூட சாவு வரும்பாங்க. போக்கா, போய் ஆரஞ்சை வெட்டு."

படகுத்துறையில் எல்லைக் காவல் வண்டி நின்றிருந்தது. காபிக் கோப்பையோடு இறங்கி வந்த காவலர், வரட்டும், எல்லை தாண்ட அதனிடம் பேப்பர் இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொள்கிறேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எதெல்வினாவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

பிறகு அவள் வேறு காரணம் சொன்னாள். ராத்திரி மேலே அணையைத் திறந்துவிட்டார்களாம், ஆறு ஏறியிருக்கிறதாம், இன்னும் ஒரு நாள் பொறுத்தால் வடிந்துவிடுமாம். ஆந்தை என்ன நீந்தியா வரப்போகிறது என்று லேயாந்த்ரோ கேட்டார். தனக்கு இன்னொரு நாள் கிடையாது, இன்றே கிளம்ப வேண்டும் என்றார் ஹால்வர்சன்.

அவள் திரும்பிப் போனாள். அடுத்த நிமிடம் பழத் தட்டு கல்லில் விழுந்து அலறியது. ஆரஞ்சுக்கு வந்திருந்த பச்சைநிறப் பறவைகள் கத்திக்கொண்டு கலைந்தன. அதுவரை குரலை உயர்த்தியே பேசாத கிழவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இந்தம்மாவை யாராவது அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க."

யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவள் தண்ணீரோரம் போய் நின்றுகொண்டாள். செருப்பு நனைவதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

லேயாந்த்ரோ மறுபடி குரலை ஒலிக்கவிட்டார். இந்த முறை பதில் நாணலிலிருந்து வரவில்லை, தண்ணீருக்கு மேலிருந்து வந்தது. மரம் ஏதாவது மிதந்து வரும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் என்றார் அவர். சீட்டி நெருங்கியது. நின்றது. மறுபடி நெருங்கியது. நாங்கள் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம்.

"பாதி ஆத்தைத் தாண்டிடுச்சு ஐயா. இனி அது உங்களுது."

ஹால்வர்சன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. வந்துவிட்ட பறவையை மேலும் ஏமாற்றுவது முறையில்லை என்று லேயாந்த்ரோ ஒலிபெருக்கியை அணைத்தார்.

எதெல்வினா ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"நிறுத்தாதே. போடு."

"இப்பத்தானே நிறுத்தச் சொன்னே?"

"போடுடா. சத்தமாப் போடு."

அவர் சிரித்துக்கொண்டே ஒலிபெருக்கியைப் பைக்குள் வைத்தார். அவள் ஆற்றைப் பார்த்து உதடுகளைக் குவித்தாள். காற்றுதான் வந்தது.

பனிக்குள்ளிருந்து சீட்டி ஒருமுறை கேட்டது, கேள்வி கேட்பதைப் போல. அடுத்தது இடப்பக்கம், ஆறு போகும் திசையில், தள்ளி. அப்புறம் தண்ணீரின் சத்தம் மட்டும்தான்.

பறந்துவிட்டது என்றார் லேயாந்த்ரோ. எல்லோரும் கிழவரின் கையைக் குலுக்கினோம். காவலரும் குலுக்கினார்.

ஹால்வர்சன் அறுவை சிகிச்சை மேசையிலிருந்து எழுந்திருக்கவில்லை. நிறைவோடு போனார் என்று அவருடைய மகள் சொன்னாள். காவலர் அரிசோனாவுக்கு மாற்றலாகிப் போனார். லேயாந்த்ரோ இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், ஆற்றுப் பக்கமே வருவதில்லை. எதெல்வினா இன்னமும் அதே இடத்தில் ஆரஞ்சு வெட்டுகிறாள்.

ஆந்தை வந்ததற்கு மறுநாள் காலையில், அது திரும்ப வருமா என்று லேயாந்த்ரோ அவளிடம் பேச்சுக்குக் கேட்டார். அவள் கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்:

"தண்ணி இறங்கினதும் அந்த ஆந்தைச் சீட்டியடிக்கிறேன், அப்ப ஆத்துல இறங்கி வான்னு அக்கரையில இருந்த என் தம்பிகிட்டச் சொல்லியிருந்தேன்."