ஒரு புத்தகம், முப்பது பேர்

“பேரை அடிங்க சார். இன்னைக்கே அடிங்க.”

அறிவுச்செல்வன் போட்ட சத்தத்தில் படிப்பகத்தில் இருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள்.

அவன் கையில் ஒரு தடிப் புத்தகம், எழில் என்ற பெண்ணிடமிருந்து இப்போதுதான் பிடுங்கியது. ஒரே மாதிரி அர்த்தம் தரும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் பிரித்து விளக்கும் புத்தகம். இது தொண்ணூற்றேழாம் வருஷம். எதையும் நெட்டில் தட்டிப் பார்க்கிற காலம் இல்லை. திருவண்ணாமலை தேரடிப் பக்கத்தில், பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற முப்பது பேருக்கும் அது ஒன்றுதான். வீட்டுக்கும் கொடுக்க மாட்டார்கள்.

“என்னப்பா ஆச்சு?” என்றார் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அப்பாதுரை.

“ஒரு வாரமா காலையில இந்த புக்கைக் காணோம் சார். இன்னைக்குத் தேடினா, சித்த வைத்திய ரேக்குல பின்னாடி சொருகி இருக்கு. யாருன்னு பார்த்துடலாம்னு உக்காந்திருந்தேன். பதினோரு மணிக்கு இந்தப் பொண்ணு வருது, நேரா அங்க போயி எடுக்குது.”

எழில் தலையைக் குனிந்து நின்றாள்.

அவன் கோபத்தையும் தப்பு சொல்ல முடியாது. போன பரீட்சையில் அரை மார்க்கில் கோட்டை விட்டவன். ரெஃப்யூஸ், டினை, ரிஜெக்ட் மூன்றுமே அவனுக்கு ‘மறுப்பு’தான். எதை எங்கே போடுவது என்று தெரியாமல் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு வந்தான். இந்த முறை விடுவதில்லை என்று பார்த்த வேலையையும் விட்டுவிட்டு, எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறான். பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

“புக்கை ஒளிச்சு வெச்சா மெம்பர் பேரை அடிப்போம்னு நீங்கதானே போர்டு மாட்டினீங்க?”

“ஆமாம்ப்பா.”

“அப்ப அடிங்க.”

அப்பாதுரை பதிவேட்டைத் திறந்தார். பேனாவையும் எடுத்தார்.

“இதுல என் பேரு இல்லையேப்பா.”

“உங்க பேரு எதுக்கு சார்?”

“ஒளிச்சு வெச்சது நான்தானே. இந்தப் பொண்ணு கோயிலாண்ட பூ வித்து முடிச்சு வர்றதுக்குள்ள பதினோரு மணி ஆயிடுது. அதுக்குள்ள புக்கு வேற கைக்குப் போயிட்டா சாயந்திரம் வரைக்கும் திரும்பாது.”

அறிவுச்செல்வனுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“எட்டு மணிக்கு வந்து காத்துக் கிடக்கிறவன் இளிச்சவாயனா சார்? இது ஓரவஞ்சனை இல்லையா?”

“ஓரவஞ்சனைதான்” என்றார் அப்பாதுரை. “ரெண்டு வருஷம் நீ ரைஸ்மில் வேலை முடிச்சு நாலு மணிக்கு மேலதானே வருவ? வந்ததும், ‘இப்பதான் ஒருத்தர் படிச்சிட்டுக் குடுத்தார்’னு இதே புக்கை எடுத்து உன்கிட்ட நீட்டுவேன். அப்படி ஒருத்தர் யாருமே கிடையாதுப்பா.”